விகிதாசாரம்: எதன் விகிதப்படி?

தொகுதி, நிதி, தண்ணீர் பங்கீடுகளில் ஒரு சொல் எழுப்பும் கேள்வி

கோவையில் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதி பேசிய மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, மக்களவைத் தொகுதி மறுவரையறையின்போது "புரோ ரேட்டா" அடிப்படையில் தென் மாநிலங்கள் எதுவும் ஓர் இடத்தைக்கூட இழக்காது என்று அறிவித்தார். அச்சத்தைப் போக்குவதற்காகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லே அடுத்த சில வாரங்களுக்கு விவாதப் பொருளாயிற்று. எந்த விகிதப்படி, இப்போதுள்ள இடங்களின் விகிதப்படியா அல்லது மக்கள்தொகையின் விகிதப்படியா என்று கர்நாடக முதல்வர் சித்தராமையா விளக்கம் கேட்டார். மார்ச் 5-ஆம் தேதி சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும், மார்ச் 22-ஆம் தேதி பல மாநிலத் தலைவர்கள் கலந்துகொண்ட கூட்டு நடவடிக்கைக் குழுக் கூட்டமும் நடைபெற்றன.

ஒரு சொல்லின் பொருள் குறித்து மாநில முதல்வர்கள் விளக்கம் கோருவது அன்றாடம் நிகழ்வதல்ல. ஆனால், இந்தியக் கூட்டாட்சியில் இடங்கள், வரி வருவாய், ஆற்று நீர், கடன் சுமை என எதைப் பங்கிட வேண்டி வந்தாலும் இந்தச் சொல்லே முன்னே வந்து நிற்கிறது. பங்கீட்டில் எழும் பூசல்களும் பெரும்பாலும் இந்தச் சொல்லின் பொருளைப் பற்றியவையாகவே இருக்கின்றன.

சொல்லும் பொருளும்: "புரோ ரேட்டா" என்பது இலத்தீன் தொடர். கணக்கிடப்பட்ட பங்கின்படி என்பது அதன் பொருள். ஆங்கிலச் சட்ட வழக்கின் வழியே அது இந்திய நிர்வாகத்துக்குள் நுழைந்தது. அரசியல் சாசனத்தின் ஹிந்தி வடிவம் "ஆனுபாதிக்" என்ற சொல்லை ஆள்கிறது. தமிழில் விகிதாசாரம், விகிதப்படி, வீதப்படி என்ற சொற்கள் வழங்குகின்றன. பள்ளிக் கணக்குப் பாடத்தில் இது விகிதசமம்.

அரசு அலுவலகங்களில் இதன் பயன்பாடு எளிமையானது. முப்பது நாள் மாதத்தில் 16-ஆம் தேதி பணியில் சேர்ந்தவருக்குப் பாதிச் சம்பளம் வழங்கப்படுகிறது. மத்திய அரசுப் பணியிலிருந்து பொதுத்துறை நிறுவனத்துக்கு மாறியவர்களுக்கு, அவர்கள் அரசில் பணியாற்றிய காலத்துக்கேற்ப வழங்கப்படும் ஓய்வூதியத்துக்கே "புரோ ரேட்டா" ஓய்வூதியம் என்றுதான் பெயர். நாடாளுமன்ற விவாதங்களில் கட்சிகளுக்குப் பேசும் நேரம் ஒதுக்கப்படுவதும் அவற்றின் உறுப்பினர் பலத்துக்கேற்பவே.

இந்த எடுத்துக்காட்டுகளில் எல்லாம் சிக்கல் எழாததற்குக் காரணம் உண்டு. விகிதப்படி என்ற சொல் தமிழில் தனித்து நிற்பதில்லை. அதற்கு முன்னால் ஆறாம் வேற்றுமை ஏற்ற ஒரு சொல் வந்தாக வேண்டும். நாள்களின் விகிதப்படி, பணிக்காலத்தின் விகிதப்படி, உறுப்பினர்களின் விகிதப்படி என்று அந்த முன்சொல் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருந்தால் கணக்கு ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பதா, நிலத்தின் பரப்புக்கேற்ப வசூலிப்பதா என்று கிராமத்தில் பேச்சு எழும்போது கணக்குப்பிள்ளையால் அதைத் தீர்த்துவைக்க முடியாது. ஊர் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். அளவுகோல் முடிவான பிறகே கணக்குக்கு வேலை.

அரசியல் சாசனம் சொன்னது: மக்களவையைப் பொருத்தவரை அந்த முன்சொல்லை அரசியல் சாசனம் தெளிவாகவே எழுதியது. ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கப்படும் இடங்களுக்கும் அதன் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், நடைமுறையில் இயன்ற வரை, எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது 81-ஆவது பிரிவின் சாரம். ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகும் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது 82-ஆவது பிரிவின் ஏற்பாடு.

அதன் விளைவைத் தமிழகம் நேரில் கண்டிருக்கிறது. 1962 தேர்தலில் 41 ஆக இருந்த மக்களவைத் தொகுதிகள், 1961 கணக்கெடுப்பின் அடிப்படையில் நடைபெற்ற மறுவரையறைக்குப் பிறகு, 1967 தேர்தலில் 39 ஆகக் குறைந்தன.

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியக் கொள்கையாக மத்திய அரசு முன்னெடுத்தபோது இந்த விதியில் இருந்த முரண் வெளிப்பட்டது. கொள்கையை ஏற்று மக்கள்தொகைப் பெருக்கத்தைக் குறைக்கும் மாநிலம் இடங்களை இழக்கும். ஏற்காத மாநிலம் பெறும். ஆகவே, மக்களவைப் பிரதிநிதித்துவத்துக்கும் மாநிலங்களுக்கான நிதிப் பகிர்வுக்கும் 2001 வரை 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையே அடிப்படையாக இருக்கும் என்று 1976 ஏப்ரலில் வெளியிடப்பட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிவித்தது. அதே ஆண்டில் 42-ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது. 2001-இல் கொண்டுவரப்பட்ட 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. 2003-இன் 87-ஆவது திருத்தம், மாநிலங்களின் இடங்களைத் தொடாமல், 2001 கணக்கெடுப்பின்படி தொகுதி எல்லைகளை மட்டும் மாற்ற அனுமதித்தது.

ஆக, விகிதம் என்ற கொள்கை கைவிடப்படவில்லை. எந்த ஆண்டின் மக்கள்தொகை என்பது மட்டும் உறைய வைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒரு சட்டப்பேரவை உறுப்பினரின் வாக்கு மதிப்பு உத்தர பிரதேசத்தில் 208, தமிழகத்தில் 176, சிக்கிமில் 7 என்று கணக்கிடப்பட்டதும் 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையை வைத்துத்தான்.

இரு கணக்குகள்: "புரோ ரேட்டா" என்ற சொல்லுக்கு முன்னால் எந்தச் சொல்லைச் சேர்த்தால் என்ன விடை வரும் என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம்.

முதலாவது, மக்கள்தொகையின் விகிதம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 121 கோடி. அதை 543 இடங்களுக்குப் பங்கிட்டால் ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 22.3 லட்சம் பேர். அந்த வீதத்தில் 7.21 கோடி மக்கள் கொண்ட தமிழகத்துக்கு 39-க்குப் பதிலாக 32 இடங்களும், 3.34 கோடி மக்கள் கொண்ட கேரளத்துக்கு 20-க்குப் பதிலாக 15 இடங்களும் வரும். உத்தர பிரதேசத்தின் 80 இடங்கள் 90 ஆகவும், பிகாரின் 40 இடங்கள் 47 ஆகவும் உயரும்.

இந்த இழப்பைத் தவிர்க்க, அவையின் மொத்த இடங்களைக் கூட்டலாம் என்பது ஒரு வாதம். 2023 மே மாதம் திறக்கப்பட்ட புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை அரங்கில் 888 இருக்கைகள் அமைக்கப்பட்டது இந்த வாதத்துக்கு வலு சேர்த்தது. கேரளம் 20 இடங்களைத் தக்கவைக்க வேண்டுமானால் ஓர் இடத்துக்கு 16.7 லட்சம் பேர் என்று கணக்கிட வேண்டும். அப்படியானால் அவையின் பலம் சுமார் 725 ஆகும். தமிழகத்துக்கு 43, உத்தர பிரதேசத்துக்கு 120, பிகாருக்கு 62 இடங்கள் கிடைக்கும். எந்த மாநிலமும் ஓர் இடத்தைக்கூட இழக்கவில்லை. தமிழகத்துக்கு நான்கு இடங்கள் கூடியும் இருக்கின்றன. ஆனால், அவையில் தமிழகத்தின் பங்கு 7.18 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இடத்தை இழக்காமல் பங்கை இழக்க முடியும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இடம் குறையாது என்ற வாக்குறுதி பங்கு குறையாது என்ற வாக்குறுதி ஆகாது.

இரண்டாவது, இப்போதுள்ள இடங்களின் விகிதம். அவையின் பலத்தை ஒன்றரை மடங்காக்கினால் உத்தர பிரதேசத்துக்கு 120, பிகாருக்கு 60, கர்நாடகத்துக்கு 42, கேரளத்துக்கு 30 இடங்கள். தமிழகத்துக்கு ஐம்பத்தெட்டரை, ஆந்திரத்துக்கு முப்பத்தேழரை, தெலங்கானாவுக்கு இருபத்தைந்தரை. அரை உறுப்பினர் என்று யாரும் இல்லை என்பதால், அந்த அரையை மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா என்பதே தனி விதியாக எழுதப்பட வேண்டும்.

இந்தக் கணக்கில் எவருடைய பங்கும் மாறுவதில்லை. எனினும் இடைவெளி மாறுகிறது. 2024 தேர்தலில் உத்தர பிரதேசத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் 41 இடங்கள். ஒன்றரை மடங்கு அவையில் அது 61 அல்லது 62 ஆகும். சென்னைக் கூட்டத்தில் தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி "புரோ ரேட்டா" முறையையும் ஏற்க இயலாது என்று கூறியதற்கு இதுவே காரணம். பங்கு மாறாதபோது வாக்கெடுப்பில் பலமும் மாறாது என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். இரண்டு வாதங்களும் ஒரே எண்களிலிருந்தே பிறக்கின்றன.

இதற்கு எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பழைய கணக்கைத் தொடர்வதால் ராஜஸ்தானில் ஒரு மக்களவை உறுப்பினர், 2011 கணக்கின்படியே, சராசரியாக 27 லட்சம் பேருக்கும் கேரளத்தில் ஒருவர் 16.7 லட்சம் பேருக்கும் பிரதிநிதியாக இருக்கிறார். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்ற குடியரசுக் கொள்கை இதனால் அடிபடுகிறது என்ற வட மாநிலங்களின் வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது.

நிதிக் குழுவின் அளவுகோல்: இடப் பங்கீட்டில் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்ட தேசம், வரிப் பங்கீட்டில் அளவுகோல்களைக் கலந்தே வந்திருக்கிறது. 1952-இல் அறிக்கை அளித்த கே.சி. நியோகி தலைமையிலான முதலாவது நிதிக் குழு, மாநிலங்களுக்கான வருமான வரிப் பங்கில் 80 சதவீதத்தை மக்கள்தொகையின்படியும் 20 சதவீதத்தை அந்தந்த மாநிலத்தில் வசூலான தொகையின்படியும் பிரித்தது. கொடுத்தவருக்கு எவ்வளவு, தேவைப்படுவோருக்கு எவ்வளவு என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த 15-ஆவது நிதிக் குழு ஆறு அளவுகோல்களைக் கையாண்டது. வருமான இடைவெளிக்கு 45 சதவீதம், 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கு 12.5, வனம் மற்றும் சூழலியலுக்கு 10, வரி வசூல் முயற்சிக்கு 2.5 என்று அவை பகுக்கப்பட்டன. 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகையை விட்டு 2011-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆய்வு வரம்பை எதிர்த்துத் தென் மாநில நிதியமைச்சர்கள் சிலர் 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் கூடிப் பேசினர். மக்கள்தொகைச் செயல்பாடு என்ற தனி அளவுகோல், பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு ஈடாகச் சேர்க்கப்பட்டது.

முடிவில், 14-ஆவது குழுவின் காலத்தில் 2.5 சதவீதமாக இருந்த கேரளத்தின் பங்கு 1.925 ஆகவும், 4.713 ஆக இருந்த கர்நாடகத்தின் பங்கு 3.647 ஆகவும் குறைந்தன. தமிழகத்தின் பங்கு 4.023-லிருந்து 4.079 ஆகவும், பிகாரின் பங்கு 9.665-லிருந்து 10.058 ஆகவும் சற்றே உயர்ந்தன. தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே தட்டில் இல்லை என்பதும், அளவுகோலைச் சிறிது நகர்த்தினாலும் பல ஆயிரம் கோடி ரூபாய் இடம் மாறும் என்பதும் இதிலிருந்து தெளிவாகும்.

ஒரு பிரிவினை, மூன்று விகிதங்கள்: ஒரே குடும்பச் சொத்தைப் பல அளவுகோல்களால் பிரிக்க நேர்ந்ததற்கு ஆந்திரப் பிரிவினையைவிடச் சிறந்த சான்று இல்லை. 2014-ஆம் ஆண்டின் ஆந்திர பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் "மக்கள்தொகை விகிதம்" என்ற சொல்லுக்குத் தசம எண்ணோடு பொருள் வரையறுத்தது. ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68. பொதுக் கடன் பெரும்பாலும் இந்த விகிதப்படியே பிரிக்கப்பட்டது. ஆனால், நிலமும் கட்டடங்களும் எந்த எல்லைக்குள் இருக்கின்றனவோ அந்த மாநிலத்துக்கே சேர்ந்தன. தலைநகர் ஹைதராபாத் தெலங்கானா எல்லைக்குள் இருந்ததால், கடன் தலைக்கணக்கிலும் சொத்து இடக்கணக்கிலும் பிரிந்தது என்பது ஆந்திரத்தின் குறை.

தண்ணீரில் அதே தெலங்கானா வேறு பக்கம் நின்றது. ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கு உரிய 811 டிஎம்சி கிருஷ்ணா நீரில் ஆந்திரத்துக்கு 512, தெலங்கானாவுக்கு 299 என்று 2015-இல் தாற்காலிக ஏற்பாடு செய்யப்பட்டது. ஏற்கெனவே உள்ள திட்டங்களின் பயன்பாட்டை ஒட்டிய பங்கீடு அது. ஒன்றுபட்ட மாநிலத்தின் கிருஷ்ணா படுகைப் பரப்பில் பெரும்பகுதி தன் எல்லைக்குள் இருப்பதைச் சுட்டிக்காட்டித் தெலங்கானா அதிகப் பங்கு கோரியது. மக்களின் விகிதம், பயன்பாட்டின் விகிதம், பரப்பின் விகிதம் என்று மூன்றுமே கணக்கில் சரியானவைதாம். மூன்றும் மூன்று விடைகளைத் தருகின்றன.

காவிரியிலும் இதே கதைதான். 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தமிழகத்துக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று பங்குகள் எண்ணால் உறுதி செய்யப்பட்டன. பற்றாக்குறை ஆண்டில் இந்தப் பங்குகள் விகிதாசாரப்படி குறைக்கப்படும் என்பது நடுவர் மன்றத்தின் 2007-ஆம் ஆண்டு இறுதி உத்தரவில் உள்ள விதி. ஆனால், பருவமழை பொய்த்த 2023-இல், பற்றாக்குறையை எதை வைத்து அளப்பது என்பதே வழக்காயிற்று. கர்நாடக அணைகளுக்கான நீர்வரத்துக் குறைவை மட்டும் கணக்கிட்டு, அந்த விகிதத்தில் நீரைத் திறக்க வேண்டும் என்றது தமிழகம். தனது குடிநீர்த் தேவையையும் தமிழகத்துக்குக் கிடைக்கும் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது கர்நாடகம். மேட்டூரின் கீழே காய்ந்துகொண்டிருந்த குறுவைப் பயிருக்கு, விகிதாசாரம் என்ற சொல் உத்தரவில் இருந்ததால் மட்டும் பயன் விளையவில்லை.

கட்சிகளும் விதிவிலக்கல்ல: 2023 அக்டோபர் 2-ஆம் தேதி பிகார் அரசு ஜாதிவாரிக் கணக்கெடுப்பு விவரங்களை வெளியிட்டபோது, மக்கள்தொகைக்கேற்ற உரிமை என்ற முழக்கத்தைக் காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தி வலியுறுத்தினார். மறுநாள் தெலங்கானாவின் நிஜாமாபாதில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, அந்த முழக்கத்தை ஏற்றால் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தென் மாநிலங்களுக்கு அநீதி விளையாதா என்று கேட்டார். தொகுதி மறுவரையறை விவாதத்தில் காங்கிரஸ் முதல்வர்களும் பாஜக தலைவர்களும் எடுத்த நிலைகளை இதனுடன் ஒப்பிட்டால், விகிதம் பற்றிய கொள்கை பங்கிடப்படும் பொருளுக்கேற்ப மாறுவது விளங்கும். சமூகங்களுக்கிடையே தலைக்கணக்கு வேண்டும், மாநிலங்களுக்கிடையே கூடாது என்பதற்கோ, அதற்கு மாறான நிலைக்கோ காரணம் சொல்ல முடியும். ஆனால், அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லும் கடமை இரு தரப்புக்கும் உண்டு.

முன்னோர் வகுத்த நடுவழி: தலைக்கணக்கு, பழைய பங்கு என்ற இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பது சரியன்று. மாநிலங்களவை இடங்களை வகுத்தபோது, மக்கள்தொகையில் முதல் 50 லட்சம் வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்ற முறையை அரசியல் நிர்ணய சபை கையாண்டது. பெரிய மாநிலத்துக்கு அதிக இடங்கள் கிடைக்கும். ஆனால் அதன் பருமனுக்கு நேர் விகிதத்தில் அல்ல. அதனால்தான் மக்களவையில் 80-க்கு 39 என்று இருக்கும் உத்தர பிரதேச, தமிழக இடங்கள் மாநிலங்களவையில் 31-க்கு 18 என்று நெருங்கி வருகின்றன. மக்களவையிலும்கூட, 60 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட சிறு மாநிலங்களுக்கு 1973-இன் 31-ஆவது திருத்தம் விகித விதியிலிருந்து விலக்கு அளித்தது.

விகிதாசாரத்தையே வேறொரு பொருளில் ஆராய்ந்து ஒதுக்கியதும் அதே சபைதான். கட்சிகள் பெறும் வாக்குகளின் விகிதப்படி மக்களவைக்கு இடம் வழங்க வேண்டும் என்ற கோரிக்கை 1949 ஜனவரியில் எழுந்தபோது, எழுத்தறிவு குறைந்த நாட்டுக்கு அம்முறை பொருந்தாது, நிலையான அரசும் அமையாது என்று அம்பேத்கர் மறுத்தார். மாநிலங்களவைத் தேர்தலுக்கு அந்த முறை வைத்துக்கொள்ளப்பட்டது. 234 உறுப்பினர் கொண்ட தமிழகப் பேரவையில் 6 இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஒருவருக்கு 34 வாக்குகள் தேவை என்ற கணக்கு அதிலிருந்து வருவதே.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான குறிப்பு நாளாக 2027 மார்ச் 1-ஆம் தேதியை மத்திய அரசு 2025 ஜூனில் அறிவிக்கை செய்தது. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் 2023-ஆம் ஆண்டின் 106-ஆவது திருத்தமும் கணக்கெடுப்போடும் அதைத் தொடரும் மறுவரையறையோடும் பிணைத்தே நிறைவேற்றப்பட்டது. இந்த எண்கள் எல்லாம் வந்து சேரும்போது, பெருக்கிக் கழித்துப் பார்ப்பதற்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது.

அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. விகிதாசாரம் என்று சொல்பவர் எவராயினும், எதனுடைய விகிதாசாரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை மேடைப் பேச்சில் விடாமல் சட்டத்தின் வாசகத்தில் எழுத வேண்டும். முன்சொல் இல்லாத விகிதாசாரம் வாக்குறுதிபோல ஒலிக்கலாம். அதை நம்பி எந்த மாநிலமும் தன் பங்கைக் கணக்கிட முடியாது.